மெட் எஜு (மெடிக்கல் எஜுகேஷன்) பேப்பர்ல "தியரி எங்க?"ன்னு ரிவ்யூவர் கேக்கறார். எந்த தியரி எடுக்கறது, எங்க வெக்கறது?

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாருக்கும் வணக்கம். நான் ஜெனரல் மெடிசின்ல அசிஸ்டென்ட் ப்ரொஃபசர். காலேஜ் பேர் வேணாம், ஆந்திரா பார்டர்கிட்ட, தமிழ்நாட்டு பக்கம். எங்க ஓபிக்கு வர்றவங்கள்ல ஏகப்பட்ட பேர் சித்தூர், பலமனேர், நகரி, புத்தூர்ல இருந்து பஸ் ஏறி வர்றவங்க. பேசறது தெலுங்கு. நெறைய பேருக்கு தமிழ் புரியும், ஆனா உடம்பு முடியாதப்போ வாயில வர்றது சொந்த பாஷை தானே. எங்க ஸ்டூடண்ட்ஸோ மதுரை, சேலம், தஞ்சாவூர்னு எங்கெங்க இருந்தோ வந்த புள்ளைங்க, தெலுங்கு சுத்தமா தெரியாது. ஃபவுண்டேஷன் கோர்ஸ்ல லோக்கல் லாங்குவேஜ்னு ஒரு பகுதி இருக்கு, ஆனா இங்க லோக்கல்னா தமிழ்னு தான் எடுத்துக்கறாங்க.

வார்டுல என்ன நடக்குதுன்னு ஒண்ணு சொல்றேன். மாம்பழ சீசன்ல பல்ப் ஃபேக்டரில வேலை பாக்கற ஒரு அம்மா, வயித்து வலின்னு அட்மிஷன். செகண்ட் இயர் பையன் ஹிஸ்டரி எடுக்க போறான். அந்த அம்மா மேல் வயித்துல கைய வெச்சு காட்டி கடகடன்னு பேசுது, நைட் ஷிஃப்ட் போட்டதுல இருந்து சாப்பாடு நேரத்துக்கு இல்ல, நாள் முழுக்க நின்னு முட்டி வலிக்குதுன்னு வீட்டுக்காரர் மெடிக்கல் ஷாப்ல மாத்திரை வாங்கி குடுத்தார், அதை தினமும் போட்டுக்கறேன், அப்புறம் தான் இந்த எரிச்சல்னு எல்லாமே சொல்லிடுது. பக்கத்துல நின்ன ஆயாம்மா அத்தனையும் கேட்டுட்டு "வயித்து வலியாம் தம்பி, நாலு நாளா"ன்னு ஒரே வரியில முடிச்சிட்டாங்க. பையன் அதை எழுதிக்கிட்டான். மாத்திரை போச்சு. வலி மாத்திரை வயித்தை புண்ணாக்கும், டயக்னோசிஸே அந்த மாத்திரையில தான் இருக்கு! எனக்கு தெலுங்கு தெரியும்ங்கறதால காதுல விழுந்துச்சு.

இதுக்காக தெலுங்கு பேசற சீனியர் ஸ்டூடண்ட்ஸை வெச்சு சாயங்காலம் க்ளாஸ் நடத்துனோம், ஹிஸ்டரி கேக்க தேவையான தெலுங்கு மட்டும். முன்னாடி ஒரு செக்லிஸ்ட் ஸ்கோர், பின்னாடி ஒரு ஸ்கோர். நல்லா ஏறுச்சு, பி வேல்யூவும் நல்லா வந்துச்சு. ஜர்னலுக்கு அனுப்பினா ரிவ்யூவர் "இதுல தியரிட்டிக்கல் ஃப்ரேம்வொர்க் எதுவும் இல்ல, இது ஏன் வேலை செஞ்சுதுன்னு சொல்லுங்க"ன்னு திருப்பி அனுப்பிட்டார். ட்ரெயினிங்கை மதிப்பிடற கிர்க்பாட்ரிக் லெவல்ல 2ன்னு எழுதியிருக்கேன், அது தியரி கணக்குல வராதா? கோ ஆத்தர் சொல்றார், இன்ட்ரொடக்ஷன்ல நோல்ஸோட அடல்ட் லேர்னிங் தியரி (பெரியவங்க எப்படி கத்துக்கறாங்கங்கறது) பத்தி ஒரு பாரா சேத்து திரும்ப அனுப்பிடலாம்னு. எனக்கு மனசு ஒப்பல. விஷயம் தெரிஞ்சவங்க சொல்லுங்க ப்ளீஸ்.

எம்இயூ பழசு:

மேடம், உங்களுக்கு மனசு ஒப்பாதது சரி தான். அந்த பாராவை சேக்காதீங்க. ஸ்டடியில எந்த முடிவையும் அந்த தியரி தொடலன்னா, அதை எடுத்துட்டா பேப்பர்ல ஒரு எழுத்து கூட மாறாதுன்னா, படிக்கறவருக்கு உடனே தெரிஞ்சிடும்.

முதல்ல கிர்க்பாட்ரிக். அது தியரி இல்ல. 1959ல ட்ரெயினிங்கை மதிப்பிட போட்ட லெவல், புடிச்சிருந்துச்சா, கத்துக்கிட்டாங்களா, நடத்தை மாறுச்சா, பலன் வந்துச்சான்னு. எதை அளந்தீங்கன்னு சொல்லும், ஏன் ஏறுச்சுன்னு சொல்லாது. மில்லர் பிரமிட் (1990) அதே மாதிரி, அசெஸ்மென்ட்டை வரிசைப்படுத்த. கெர்னோட ஆறு ஸ்டெப், கரிக்குலம் போட வழிமுறை. எல்லாம் உபயோகமான சாமான் தான், ஆனா ரிவ்யூவர் கேக்கறது அது இல்ல.

அவர் கேக்கறது "ஏன்". 2008ல குக், போர்டாஜ், ஷ்மிட் மூணு பேரும் மெடிக்கல் எஜுகேஷன் ஜர்னல்ல ஒரு ஆய்வு போட்டாங்க. மெட் எஜு பரிசோதனை பேப்பர்களை எடுத்து, என்ன செஞ்சோம்னு மட்டும் சொல்றது, அது வேலை செஞ்சுதான்னு பாக்கறது, எப்படி ஏன் வேலை செய்யுதுன்னு தேடறதுன்னு மூணா பிரிச்சாங்க. நடுவுல உள்ளது 72 சதவீதம். கடைசி வகை வெறும் 12 சதவீதம். நம்ம ஊர்ல வர்ற ப்ரீ டெஸ்ட் போஸ்ட் டெஸ்ட் பேப்பர் அத்தனையும் அந்த நடு கூடையில தான் விழும். எதை சொல்லிக் குடுத்தாலும் சொல்லிக் குடுக்காததை விட ஸ்கோர் ஏறும், அதுல ஆச்சரியம் ஒண்ணும் இல்லயே. பக்கத்து காலேஜ்ல ஒருத்தர் உங்க க்ளாஸை அப்படியே எடுத்து நடத்தி ஸ்கோர் ஏறலன்னா, எது இல்லாம ஏறலன்னு உங்க பேப்பரால சொல்ல முடியுமா? அதுக்கு தான் தியரி.

இப்ப உங்க விஷயத்தையே எடுத்துக்குவோம். ஏன் ஏறுச்சு?

ஒரு பதில், காக்னிட்டிவ் லோட், அதாவது யோசிக்கறப்போ மனசு மேல ஏறற சுமை. ஸ்வெல்லர் 1988ல ஆரம்பிச்சது. ஒரே நேரத்துல மனசுல புடிச்சு வேலை செய்யற இடம் ரொம்ப சின்னது. உங்க பையன் தெரியாத பாஷையை புடிக்கணும், அடுத்த கேள்வி யோசிக்கணும், அல்சரா பித்தப்பையான்னு உள்ள ஓட்டணும், இதுல பாஷைக்கே பாதி இடம் போயிடுது. க்ளாஸ் அந்த சுமையை கொறைச்சது, மிச்ச இடம் யோசனைக்கு கெடைச்சது. நல்லா இருக்கா? ஆனா இதை சொன்னா இது எதை எதிர்பாக்குதுன்னும் சொல்லணும். தெலுங்கு பேஷன்ட்கிட்ட தான் ஸ்கோர் ஏறணும், தமிழ் பேஷன்ட்கிட்ட ஏறக்கூடாது. சிக்கலான கேஸ்ல நல்லா ஏறணும், சாதா காய்ச்சல் கேஸ்ல கொஞ்சமா தான் ஏறணும். ஹிஸ்டரி முடிச்ச கையோட எவ்வளவு மண்டையை கசக்க வேண்டியிருந்துச்சுன்னு கேட்டா (பாஸ் 1992ல போட்ட 9 பாயின்ட் ஸ்கேல், ஒரே கேள்வி, வார்டுல வெச்சே கேக்கலாம்) அந்த நம்பர் எறங்கணும். தமிழ் பேஷன்ட்கிட்டயும் அதே அளவு ஏறியிருந்தா பாஷைக்கும் இதுக்கும் சம்பந்தமே இல்ல, செக்லிஸ்ட்ல என்ன இருக்குன்னு பசங்க பழகிட்டாங்க, அவ்வளவு தான். தமிழ் பேஷன்ட் ஸ்கோர் எடுத்தீங்களா மேடம்?

ரெண்டாவது பதில் பண்டுராவோட செல்ஃப் எஃபிகசி, 1977. தன்னால இந்த வேலை முடியும்ங்கற நம்பிக்கை நாலு எடத்துல இருந்து வருதுன்னார். தானே செஞ்சு ஜெயிச்சது, தன்னை மாதிரி ஒருத்தர் செய்யறதை பாத்தது, அடுத்தவங்க தட்டிக் குடுத்தது, அப்ப உடம்பு இருக்கற நிலை, அதாவது படபடப்பு வேர்வை எல்லாம். இதை எடுத்தீங்கன்னா க்ளாஸை சீனியர் ஸ்டூடண்ட் நடத்துனதே முக்கியமான விஷயமாயிடும், ஏன்னா அவன் "தன்னை மாதிரி ஒருத்தன்". அதே க்ளாஸை தெலுங்கு வாத்தியார் நடத்தினா அந்த பலன் கொறையணும். அளக்க வேண்டியதும் வேற. பேஷன்ட் சொன்னது புரியலன்னா பையன் திரும்ப கேக்கறானா, இல்ல தலையாட்டிட்டு அடுத்த கேள்விக்கு போயிடறானா? அது செக்லிஸ்ட்ல இருக்காது, பக்கத்துல நின்னு பாக்கணும்.

மூணாவது லேவ், வெங்கர், ஒரு வேலை செய்யற கூட்டத்துக்குள்ள ஓரத்துல இருந்து மெல்ல நடுவுக்கு போறது தான் கத்துக்கறதுன்னு சொன்னவங்க. இது எனக்கு ரொம்ப புடிச்சது, சாயங்காலம் தனியா எழுதறேன், ஓபி கூப்பிடுது.

எம்இயூ பழசு:

தொடர்ச்சி. லேவும் வெங்கரும் 1991ல எழுதினதுல லைபீரியா டெய்லர்களை பத்தி வருது. அங்க புதுசா சேர்ற பையனை முதல்ல துணி வெட்ட விட மாட்டாங்க. தைச்சு முடிஞ்ச சட்டைக்கு பட்டன் வெக்கறது, ஓரம் மடிச்சு தைக்கறது, இதுல ஆரம்பம். அதுக்கப்புறம் தையல், கடைசியில தான் வெட்டு. சின்ன வேலை தான், ஆனா நெஜமான வேலை, முழு சட்டையும் கண்ணு முன்னாடி இருக்கு. அதே புத்தகத்துல அமெரிக்க சூப்பர்மார்க்கெட் கறிக்கடை பசங்க கதையும் இருக்கு. அவங்களை பொட்டலம் கட்டற மெஷின்கிட்ட நிக்க வெச்சிட்டாங்க, பெரியவங்க கறி வெட்டற மேடை அங்க இருந்து கண்ணுக்கே தெரியாது. வருஷக்கணக்கா வேலை செஞ்சாலும் வெட்டு வராது.

இப்ப உங்க வார்டு ரவுண்ட்ஸை நெனச்சு பாருங்க. ப்ரொஃபசர் தெலுங்குல பேஷன்ட்கிட்ட ரெண்டு வார்த்தை பேசறார், பிஜி பக்கத்துல, இன்டர்ன் அடுத்து, செகண்ட் இயர் பசங்க மூணாவது வரிசையில முதுகை பாத்துட்டு நிக்கறாங்க. இந்த தியரிப்படி பாஷை தெரியாதது பிரச்சனையில ஒரு துண்டு தான், அந்த பேச்சுக்குள்ள நுழைய எடம் இருக்காங்கறது பெரிய துண்டு. அப்ப உங்க கேள்வியே மாறிடும். "க்ளாஸுக்கு அப்புறம் ஸ்கோர் என்ன"ங்கறது போயி, "க்ளாஸுக்கு அப்புறம் எந்த பெட்டுக்கு யார் போறாங்க, யார் கூப்பிடறாங்க, யார் தள்ளி நிக்க சொல்றாங்க"ன்னு ஆயிடும். செக்லிஸ்ட் இங்க உதவாது, வார்டுல உக்காந்து பாத்து எழுதணும், ஸ்டூடண்ட்ஸ், ஸ்டாஃப் நர்ஸ், அந்த ஆயாம்மா எல்லார்கிட்டயும் பேசணும்.

ஒரே க்ளாஸ், மூணு தியரி, மூணு வேற ஸ்டடி. யாரை சேக்கணும், எதை அளக்கணும், எந்த ரிசல்ட் வந்தா நான் நெனச்சது தப்புன்னு ஒத்துக்கணும், இதெல்லாம் டேட்டா எடுக்கறதுக்கு முன்னாடி தியரி முடிவு பண்ணணும். அதனால தான் கடைசியில ஒட்டினா ஒட்டாது. எல்லாத்தையும் ஒரே பேப்பர்ல திணிக்கவும் வேணாம். போர்டாஜ் 2009ல எழுதினது இதை தான், ஒவ்வொரு ஃப்ரேம்வொர்க்கும் பிரச்சனையில ஒரு பக்கத்து மேல வெளிச்சம் போடும், மத்த பக்கம் இருட்டுல இருக்கும், அதனால எதை எடுத்தோம் ஏன் எடுத்தோம்னு சொல்லிடணும்.

குமரிக்காரி:

நான் நர்சிங் காலேஜ் டியூட்டர், களியக்காவிளை தாண்டி கேரளா சைடுல வேலை. எங்களுக்கு இதே கதை தலைகீழா நடக்குது, பிள்ளைங்க மலையாளம், கன்னியாகுமரி பக்கம் இருந்து வாற பேஷன்ட் தமிழ். மலையாளம் தமிழ் கிட்ட கிட்ட தானேன்னு எல்லாரும் நெனைக்கதுனால பிரச்சனைன்னே யாரும் ஒத்துக்க மாட்டாங்க, அது இன்னும் கஷ்டம் பாத்துக்கிடுங்க.

மேடம் எழுதுனதுல எனக்கு பட்டது அந்த ஆயாம்மா தான். எல்லாரும் பையனுக்கு என்ன வரலைன்னு பேசுதோம், அந்த அம்மா அங்க என்ன வேலை செய்யுதாங்கன்னு யாராவது கேட்டோமா? வெங்கர் 1998ல எழுதினதுல ப்ரோக்கரிங்னு ஒண்ணு சொல்லுவாரு, ரெண்டு கூட்டத்துக்கு நடுவுல நின்னு இங்க உள்ளதை அங்க கொண்டு போற ஆள். அந்த ஆளுக்கு ரெண்டு பக்கமும் முழுசா எடம் இருக்காது. ஆயாம்மாவுக்கு அன்னைக்கு பெட்பேன் வெக்கணும், ஷீட் மாத்தணும், லேப்புக்கு சாம்பிள் கொண்டு போவணும், அதுக்கு நடுவுல பையன் கூப்பிட்டான்னு வந்து நின்னிருக்காங்க. சம்பளத்துல இந்த வேலை இல்ல. மாத்திரை விஷயம் டாக்டருக்கு முக்கியம்னு அவங்களுக்கு யாரும் சொல்லிக் குடுத்ததும் இல்ல. ஒரே வரியில முடிச்சதுக்கு அவங்களை குத்தம் சொல்ல முடியுமா? க்ளாஸை ஆயாம்மாக்களுக்கும் சேத்து வெச்சா எப்படி இருக்கும்னு கூட கேக்கலாம். தியரி இல்லன்னா இந்த கேள்வி உங்க ஸ்டடிக்குள்ள வந்திருக்காதுல்லா.

இன்னொண்ணும் சொல்லுதேன். சில கேஸ் ஷீட்ல "பாஷை பிரச்சனை, ஹிஸ்டரி நம்பகமில்லை"ன்னு ஒரு வரி எழுதி விட்டுருவாங்க, பெரிய டாக்டர்களே. யாரும் கேள்வி கேக்க மாட்டாங்க. அதை பாக்க பிள்ளை என்ன படிக்கும்? இந்த பாஷை பேசுதவங்க சொல்லுறதை கேக்காட்டாலும் டாக்டராயிடலாம்னு படிக்கும். ஹாஃபர்டி 1990கள்ல மெடிக்கல் காலேஜ் பத்தி எழுதின ஹிட்டன் கரிக்குலம், பாடத்துல இல்லாம பெரியவங்க நடத்தையை பாத்து படிக்குதது, இது தான். சாயங்காலம் க்ளாஸ்ல தெலுங்கு முக்கியம்னு சொல்லி, காலையில ரவுண்ட்ஸ்ல முக்கியமில்லன்னு காட்டினா எது ஜெயிக்கும்? உங்க ஸ்கோர் ஆறு மாசம் கழிச்சு நிக்குதான்னு பாருங்க மேடம், நிக்கலன்னா நான் முதல்ல இங்க தான் தேடுவேன்.

சித்தூர் பஸ்:

சர்ஜன் நான். கொஞ்சம் எதிர்த்து பேசறேன், கோவிச்சுக்காதீங்க. தெலுங்கு தெரியாத பசங்களுக்கு தெலுங்கு சொல்லிக் குடுத்தா ஹிஸ்டரி நல்லா வருது. இதுக்கு எதுக்குங்க லைபீரியா டெய்லர்? மருந்து ட்ரையல்ல வேலை செஞ்சுதா இல்லயான்னு பாக்கறோம், அது மாதிரி பாத்தா போதாதா? இன்னொண்ணு, இந்த தியரி பூராவும் அமெரிக்கா ஐரோப்பாவுல உக்காந்து எழுதினது. ஒரு பெட்டை சுத்தி பத்து பதினஞ்சு பசங்க நிக்கற நம்ம வார்டுக்கு அது பொருந்தும்னு என்ன நிச்சயம்? இங்க பாத்ததை இங்க இருந்தே எழுதினா என்ன?

எம்இயூ பழசு:

சார், கோவம் எதுக்கு, கேக்க வேண்டியதை தான் கேட்டிருக்கீங்க. மருந்து ட்ரையல் உதாரணத்தையே எடுப்போம். ட்ரையலுக்கு முன்னாடி அந்த மருந்து எந்த ரிசப்டர்ல உக்காருது, எவ்வளவு நேரம் நிக்குது, கிட்னி கெட்டுப்போனவருக்கு டோஸ் என்னன்னு எல்லாம் தெரிஞ்சுட்டு தான் எறங்கறோம். டோஸ் ஏன் இவ்வளவுன்னு கேட்டா பதில் இருக்கு. தெலுங்கு க்ளாஸ் எவ்வளவு நாள் வேணும், யார் நடத்தணும், எந்த வருஷ பசங்களுக்குன்னு கேட்டா இப்ப நம்மகிட்ட பதில் இல்ல. பார்மகாலஜி இல்லாம ட்ரையல் மட்டும் வெச்சிருக்கோம்.

ரெண்டாவது கேள்விக்கு பாதி ஒத்துக்கறேன். வெளிய இருந்து வந்த தியரியை அப்படியே நம்ப வேண்டியதில்ல. அது இங்க பொருந்தலன்னு நல்ல டேட்டாவோட காட்டினா அது சாதாரண விஷயம் இல்ல, எந்த ஜர்னலும் படிக்கும். பதினஞ்சு பேர் சுத்தி நிக்கற வார்டுல ஓரத்துல இருந்து நடுவுக்கு போறதுங்கறது எப்படி நடக்குதுன்னு லேவ், வெங்கருக்கே தெரியாது, அதை நாம தான் சொல்லணும். இங்க இருந்தே தியரி கட்டணும்னாலும் வழி இருக்கு, கிரவுண்டட் தியரி, அதாவது எடுத்த டேட்டாவுல இருந்தே தியரியை எழுப்பறது. க்ளேசரும் ஸ்ட்ராஸும் 1967ல எழுதினது, அதுக்கு முன்னாடி அவங்க வேலை செஞ்சதே ஆஸ்பத்திரிகள்ல தான், சாகப் போறவங்களை சுத்தி டாக்டர் நர்ஸ் குடும்பம் எல்லாம் யாருக்கு என்ன தெரியும்னு எப்படி நடந்துக்கறாங்கன்னு கூட இருந்து பாத்து. ஆனா அது ஈசியான வழின்னு நெனைக்காதீங்க. நாலு இன்டர்வ்யூ எடுத்து அஞ்சு தலைப்பு போட்டு கிரவுண்டட் தியரின்னு பேர் வெக்கறது நடக்குது, அது இல்ல. ஒரு இன்டர்வ்யூல கெடைச்சதை வெச்சு அடுத்து யார்கிட்ட பேசணும்னு முடிவு பண்ணி, திரும்ப திரும்ப ஒப்பிட்டு போகணும், மாசக்கணக்குல ஆகும்.

பெஞ்ச் நம்பர் மூணு:

நடுவுல ஒரு சின்ன விஷயம். யாராவது லேர்னிங் ஸ்டைல்ஸ் (பாத்து படிக்கறவர், கேட்டு படிக்கறவர்னு ஆளை பிரிக்கறது), அதுக்கான வார்க் கொஸ்டினேர் எடுத்து தியரின்னு போடலாம்னு சொன்னா தயவு செஞ்சு வேணாம். 2008லயே பாஷ்லரும் கூட இருந்தவங்களும் ரிவ்யூ பண்ணிட்டாங்க, அவங்கவங்க ஸ்டைலுக்கு ஏத்த மாதிரி சொல்லிக் குடுத்தா நல்லா படிப்பாங்கங்கறதுக்கு போதுமான ஆதாரம் இல்லன்னு. இன்னும் வருஷா வருஷம் ஃபர்ஸ்ட் இயர் பசங்களுக்கு அந்த ஃபார்மை குடுத்துட்டு தான் இருக்காங்க, பாத்தா வருத்தமா இருக்கு. பேர் பெருசா இருக்கறதெல்லாம் நல்ல தியரி ஆயிடாது, பின்னாடி என்ன ஆதாரம் நிக்குதுன்னும் பாக்கணும்.

காட்பாடி ஜங்ஷன்:

எல்லாருக்கும் ரொம்ப நன்றி, ரெண்டு தடவை முழுசா படிச்சேன். எம்இயூ சார் கேட்டதுக்கு பதில், தமிழ் பேஷன்ட் ஸ்கோர் எடுக்கல. முன்னாடி பின்னாடி ரெண்டுமே தெலுங்கு பேஷன்ட் தான். குமரி மேடம், நீங்க ஆயாம்மா பத்தி எழுதினதை எங்க ஹெச்ஓடிகிட்ட படிச்சு காட்டினேன், அவங்க கொஞ்ச நேரம் ஒண்ணும் பேசல, அப்புறம் நர்சிங் சூப்பரின்டென்டென்ட்டை கூப்பிட்டு பேசலாம்னு சொல்லிட்டாங்க.

இப்ப கையில இருக்கற பேப்பரை என்ன பண்ணட்டும்? தூக்கி போட மனசில்ல, அந்த சீனியர் பசங்க ராத்திரி உக்காந்து தயார் பண்ண பாடம் அது.

எம்இயூ பழசு:

எதுக்கு தூக்கி போடணும்? உள்ளதை உள்ளபடி எழுதுங்க. இது முதல் கட்டம், வேலை செய்யற மாதிரி தெரியுதுன்னு மட்டும் சொல்லுங்க. டிஸ்கஷன்ல, சுமை கொறைஞ்சதால இருக்கலாம், நம்பிக்கை கூடினதால இருக்கலாம், வெறும் செக்லிஸ்ட் பழக்கமாவும் இருக்கலாம், எங்க டேட்டாவால இதை பிரிச்சு சொல்ல முடியாதுன்னு எழுதுங்க. எப்படி பிரிக்கறதுன்னு அடுத்த ஸ்டடிக்கு ஒரு பாரா. தியரியை முன்னாடியே யோசிச்சு செஞ்ச மாதிரி இன்ட்ரொடக்ஷனை மாத்தி எழுத வேணாம், அது நேர்மை இல்ல. இந்த ஜர்னல் எடுக்கலன்னா புதுமையான பாடமுறைகளை சின்னதா போடற ஜர்னல்கள் இருக்கு, அங்க போகும்.

அடுத்த பேட்ச் வரும்போது ஒவ்வொரு பையனும் ஒரு தெலுங்கு, ஒரு தமிழ் பேஷன்ட்னு ரெண்டு ஹிஸ்டரி, கூடவே அந்த 9 பாயின்ட் கேள்வி. அது ஒரு ஸ்டடி. குமரி மேடம் சொன்னது தனி ஸ்டடி, வேற ஆள் வேணும், வார்டுல பசங்களுக்கு மார்க் போடாத ஒருத்தர் இன்டர்வ்யூ எடுக்கணும், உங்ககிட்ட பசங்க வாயே தெறக்க மாட்டாங்க.

குமரிக்காரி:

அதுக்கு நான் வாறேன், லீவு கெடைச்சா. ஆனா ஆயாம்மாகிட்ட பேசுறதுக்கு முன்னாடி எத்திக்ஸ் கமிட்டிக்கு தனியா எழுதணும். பழைய அப்ரூவல் ஸ்டூடண்ட்ஸுக்கு தானே இருக்கும். அவங்க ஒப்பந்த வேலைல இருந்தா சூப்பர்வைசர் சொல்லி அனுப்புனதால வந்து உக்காராம, தானா சம்மதிச்சு வரணும், அதை ஃபார்ம்ல தெளிவா எழுதுங்க. சம்மதப் படிவம் தமிழ் தெலுங்கு ரெண்டுலயும் வேணும், படிக்க வராதவங்களுக்கு வாசிச்சு காட்ட சாட்சியும் வேணும்.

சித்தூர் பஸ்:

தெலுங்கு படிவத்தை எனக்கு அனுப்புங்க மேடம், நான் பாத்து தர்றேன். ஆஃபீஸ் தெலுங்குல எழுதினா எங்க ஊர்க்காரங்களுக்கு புரியாது, சித்தூர் பக்கம் பேசற மாதிரி மாத்தணும். வார்டுல எங்க யூனிட்டையும் சேத்துக்கோங்க, சர்ஜிக்கல் வார்டுல இந்த கூத்து இன்னும் அதிகம்.

காட்பாடி ஜங்ஷன்:

கண்டிப்பா சார். எத்திக்ஸ் கமிட்டி அடுத்த மீட்டிங்குக்கு முன்னாடி அமென்ட்மென்ட் போடணும், இந்த ஞாயித்துக்கிழமைக்குள்ள டிராஃப்ட் போட்டு இங்கயே ஒட்டறேன், எல்லாரும் கிழிச்சு குடுங்க.